தீத்தும் கையும் பிடிக்கும் கையும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவின் மனையியல் அமர்வில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



கல்லூரியின் வரலாற்றைப் பற்றிப் பேசத் தகுதியானவர்கள் காலையில் பேசினார்கள். எங்களுக்குத் தரப்பட்டது குசினி சம்பந்தமான விடயம். ஆறு மாதம் நிறைந்த பிள்ளைக்கு, தன் கையால் பிடித்துச் சாப்பிடக்கூடிய மரக்கறிச் சாப்பாட்டை வீட்டிலே இலகுவாக எப்படிச் செய்வது என்பதுதான் அது. இந்த மேடையில் நிற்கும் நாங்கள் நால்வரும் இந்தக் கல்லூரியின் ஒரே மனையியல் அறையில் படித்தவர்கள். ஒருத்தி அந்தப் பாடத்தையே படிப்பித்து ஓய்வு பெற்றவர். ஒருத்தி குடும்பநல உத்தியோகத்தராக வீடு வீடாகச் சைக்கிளில் போனவர். ஒருத்தி தாதி. மற்றவர் நாலு பிள்ளைகளை வளர்த்தவர். இன்றைக்கு நால்வருமே அம்மம்மா, அப்பம்மா என்ற பதவிக்கு வந்துவிட்டோம். அதனால்தான் இந்தத் தலைப்பு எங்களிடம் வந்தது என்று நினைக்கிறோம்.

இந்தக் காலத்தில் பேரப்பிள்ளை பிறந்த வீடுகளில் ஒரு வழக்கு நடக்கிறது. மகள் ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கிறாள். ஆறு மாதப் பிள்ளையின் முன்னால் ஒரு அவித்த கரட் துண்டை வைத்துவிட்டு, "பிள்ளை தானே எடுத்துச் சாப்பிடட்டும் அம்மா" என்கிறாள். கைத்தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மம்மாவுக்கு நெஞ்சு பதறுகிறது. "விக்கப் போகுது, குழைச்சுத் தீத்து பிள்ளை" என்கிறார். தாய்க்கு அம்மா பழைய காலத்து ஆள் என்று படுகிறது. அம்மாவுக்கு மகள் பிள்ளையைப் பட்டினி போடுகிறாள் என்று படுகிறது. இருவருக்கும் இடையில் அந்தப் பிள்ளை கரட்டைத் தலையில் பூசிக்கொண்டிருக்கிறது.

நாங்கள் இந்த வழக்கில் இரண்டு பக்கத்தையும் பார்த்துச் சொல்வது ஒன்றுதான். தீத்தும் கையும் வேண்டும், பிடிக்கும் கையும் வேண்டும். பிள்ளைக்கு வேண்டிய சத்து வயிற்றுக்குள் போவதைத் தீத்தும் கை பார்த்துக்கொள்கிறது. மெல்லவும் விழுங்கவும் போதுமென்று நிறுத்தவும் பிள்ளை பழகுவது தன் கையால். ஒன்றுக்காக மற்றதை விடத் தேவையில்லை. ஆனால் பிள்ளையின் கையில் எதைக் கொடுக்கிறோம், எந்த அளவில், எந்தப் பதத்தில் கொடுக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். இன்று நாங்கள் சொல்லப்போவதெல்லாம் அதைப் பற்றித்தான்.

முதலில் காலம். ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீரும் தேவையில்லை. ஆறு மாதம் நிறைந்தபின் தாய்ப்பாலோடு சேர்த்து மற்றச் சாப்பாடு. தாய்ப்பாலை இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தொடரலாம். இது உலக சுகாதார நிறுவனமும் எங்கள் நாட்டுக் கிளினிக்குகளும் சொல்வது. நாள் கணக்கு மட்டும் போதாது, பிள்ளையையும் பார்க்க வேண்டும். தலை ஆடாமல் நிற்க வேண்டும். சிறிது பிடித்துக்கொண்டால் நிமிர்ந்து இருக்க வேண்டும். கண்டதை எடுத்து நேராக வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். கரண்டியில் வைத்ததை நாக்கால் வெளியே தள்ளாமல் உள்ளே வாங்க வேண்டும். இவை சேர்ந்து வந்தால் பிள்ளை ஆயத்தம். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கும், கழுத்து உறுதி பிந்திய பிள்ளைக்கும் வைத்தியரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

பல் முளைக்கட்டும் என்று காத்திருப்பவர்கள் எங்களில் நிறையப் பேர். அது தேவையில்லை. ஆறு மாதப் பிள்ளையின் முரசு அவித்த பூசணியையும் பழுத்த பப்பாசியையும் மசிக்கப் போதுமானது. விரலை வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்த முரசின் பலம் தெரியும்!

பல் என்றதும் ஒரு விடயம் சொல்ல வேண்டும். முதல் பல் வந்ததும் பல்லுக்கொழுக்கட்டை அவித்துப் பிள்ளையின் தலையில் சொரிகிறோம். பிறகு புத்தகம், பேனை, நகை எல்லாம் பரப்பி வைத்து, பிள்ளை எதை எடுக்கிறது என்று சுற்றி இருந்து பார்க்கிறோம். அந்த ஒரு நாளில் பிள்ளையின் கையை யாரும் பிடித்து இழுப்பதில்லை. எதை எடுத்தாலும் கைதட்டுகிறோம். அந்தப் பொறுமையைச் சாப்பாட்டுத் தட்டின் முன்னாலும் தினமும் பத்து நிமிடம் காட்டினால் போதும் என்பதுதான் எங்கள் வேண்டுகோள். (கொழுக்கட்டையைப் பிள்ளைக்குத் தின்னக் கொடுக்க வேண்டாம். ஒட்டும் மாவும் உள்ளேயிருக்கும் பயறும் தேங்காய்ச் சொட்டும் அந்த வயதுக்கு ஆகாது.)

இனி, எல்லோர் மனதிலும் இருக்கும் பயத்துக்கு வருவோம். விக்கிவிடுமே?

ஓங்காளிப்பு வேறு, தொண்டை அடைப்பு வேறு. ஆறு மாதப் பிள்ளைக்கு ஓங்காளிக்கும் உணர்வு நாக்கின் முன்பக்கமாகவே இருக்கிறது. துண்டு கொஞ்சம் பின்னுக்குப் போனதும் முகம் சிவந்து, கண்ணில் நீர் வந்து, சத்தத்தோடு ஓங்காளித்து முன்னுக்குத் தள்ளிவிடும். அது பிள்ளையின் காவல். அந்த நேரம் நாங்கள் குழறிக்கொண்டு ஓடிப்போய் வாய்க்குள் விரலை விட்டால், முன்னுக்கு வந்த துண்டைப் பின்னுக்குத் தள்ளிவிடுவோம். அமைதியாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தொண்டை அடைத்தால் சத்தம் வராது. இருமவும் அழவும் முடியாது. உதடு நீலமாகும். அப்போதுதான் நாங்கள் உடனே செயற்பட வேண்டும்.

ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளையை முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை உடம்பிலும் தாழ்வாக இருக்க, நாடியைக் கையால் தாங்கி, தோள்பட்டைகளுக்கு இடையில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் 5 தடவை தட்ட வேண்டும். வெளிவராவிட்டால் நிமிர்த்திக் கிடத்தி, நெஞ்சின் நடுவில் 5 தடவை அழுத்த வேண்டும். துண்டு வெளிவரும்வரை இரண்டையும் மாறி மாறிச் செய்ய வேண்டும். கூட இருப்பவர் 1990 அம்புலன்ஸ் சேவையைக் கூப்பிட வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் அந்த நாட்டு அவசர எண்ணைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கள். இதை வாசித்து மட்டும் பழக முடியாது. செஞ்சிலுவைச் சங்கமும் சென் ஜோன் அம்புலன்சும் முதலுதவி வகுப்பு நடத்துகின்றன. பிள்ளை பிறக்க முன்னரே தாய், தகப்பன், அம்மம்மா மூவரும் ஒரு நாள் போய் வாருங்கள். தொட்டில் வாங்குவதிலும் அது முக்கியம்.

நியூசிலாந்தின் ஒட்டாகோப் பல்கலைக்கழகத்தில் 206 பிள்ளைகளைக் கொண்டு ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு பகுதித் தாய்மாருக்கு எந்தச் சாப்பாடு ஆபத்தானது, எப்படி வெட்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்து, பிள்ளைகளைத் தாங்களே எடுத்துச் சாப்பிட விட்டார்கள். 2016இல் வெளியான முடிவின்படி, அந்தப் பிள்ளைகளுக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் இடையில் தொண்டை அடைப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இருக்கவில்லை. எந்த முறையில் கொடுத்தாலும் பிள்ளைக்கு விக்கக்கூடும் என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. ஆகவே கரண்டியால் தீத்துகிறோம் என்பதற்காகக் கண்ணை எடுக்கவும் கூடாது, கையில் கொடுக்கிறோம் என்பதற்காகப் பயந்து நடுங்கவும் வேண்டாம்.

பயத்தில் மாதக்கணக்காக மிக்சியில் அடித்த கூழையே கொடுப்பதிலும் ஒரு நட்டம் இருக்கிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் பல ஆயிரம் பிள்ளைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து பார்த்த ஆய்வில், கட்டியான சாப்பாட்டை ஒன்பது மாதத்துக்குப் பின் முதன்முதலாகக் கண்ட பிள்ளைகள் ஏழு வயதிலும் சாப்பாட்டில் கூடுதலாகக் கரைச்சல் கொடுத்தார்கள். மரக்கறியும் பழமும் குறைவாகச் சாப்பிட்டார்கள். மெல்லப் பழகவும் ஒரு பருவம் இருக்கிறது.

இருக்கும் முறை பற்றி ஒரு வார்த்தை. பிள்ளை நிமிர்ந்து இருக்க வேண்டும். உயரக் கதிரை இல்லாவிட்டால் மடியில், முதுகு எங்கள் நெஞ்சோடு சாயாமல் நேராக இருக்க வைக்கலாம். படுத்துக்கொண்டும், தவழ்ந்துகொண்டும், வாகனத்தில் போகும்போதும் சாப்பாடு வேண்டாம். பக்கத்தில் ஒரு பெரிய ஆள் எப்போதும் இருக்க வேண்டும்.

இனி அளவும் பதமும். ஆறு மாதப் பிள்ளை பொருளை உள்ளங்கையால் பொத்திப் பிடிக்கும். பொத்திய கைக்குள் இருப்பதை அதனால் எடுத்துச் சாப்பிட முடியாது. ஆகவே துண்டு எங்கள் நடுவிரல் அளவு நீளமாகவும் தடிப்பாகவும் இருக்க வேண்டும். பாதி கைக்குள், பாதி வெளியே. பதத்துக்கு ஒரு சோதனை போதும்: பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து மெதுவாக அமத்தினால் மசிய வேண்டும். மசியாவிட்டால் திரும்ப அவியுங்கள். பெரிய துண்டு ஆபத்து, சின்னத் துண்டு பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். இந்த வயதில் பெரும்பாலும் மறுவளம். பெரிய மெதுவான துண்டைப் பிள்ளை முரசால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். சின்ன உருண்டைத் துண்டு வழுக்கி நேரே தொண்டைக்குப் போகும்.

ஒன்பது மாதமளவில் பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்த்துப் பொறுக்கி எடுக்கத் தொடங்கும். விழுந்து கிடக்கும் சோற்றுப் பருக்கையைத் தேடிப் பொறுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அப்போது துண்டுகளைச் சிறிதாக்கலாம்: இடியப்பத்தைச் சிறிதாக வெட்டித் தேங்காய்ப்பாலில் ஊறவைத்தது, பப்பாசிச் சிறு துண்டு, விரலால் நசித்த அவித்த பட்டாணி.

இப்போது குசினிக்குள் போவோம். நாங்கள் சொல்லப்போகும் ஆறும் எங்கள் வீடுகளில் உள்ள பொருட்களால் செய்யக்கூடியவை. எதற்கும் உப்பு, சீனி, மிளகாய்த்தூள் வேண்டாம்.

முதலாவது, வற்றாளங்கிழங்கு. உள்ளே செம்மஞ்சள் நிறமுள்ள இனம் கிடைத்தால் மிகவும் நல்லது. விற்றமின் ஏ ஆக மாறும் சத்து அதில் நிறைய. தோல் சீவி விரல் நீளத்துக்கு வெட்டி இடியப்பத் தட்டிலோ நீத்துப்பெட்டியிலோ வைத்து 15 நிமிடமளவில் அவியுங்கள். நீரில் அவிப்பதிலும் ஆவியில் அவிப்பதால் சத்தும் நிறமும் நிற்கும். பூசணி, கரட், பீற்றூட், போஞ்சி எல்லாவற்றுக்கும் இதே முறைதான். கரட்டுக்கும் பீற்றூட்டுக்கும் நேரம் கூட எடுக்கும். போஞ்சியை நார் எடுத்து அவியுங்கள்.

இரண்டாவது, பழம். நன்றாகப் பழுத்த கதலியோ இதரையோ எடுத்து, அடியில் பாதித் தோலைக் கழுவி விட்டுவிட்டு மேல் பாதியை உரித்துக் கொடுத்தால் தோலே பிடியாகிவிடும். பப்பாசி, மாம்பழம், ஆனைக்கொய்யா வழுக்கும். வறுத்து அரித்த உழுத்தம்மாவிலோ, இடித்து மாவாக்கிய எள்ளிலோ லேசாகப் புரட்டிக் கொடுத்தால் பிடி கிடைக்கும், சத்தும் சேரும்.

மூன்றாவது, பயற்றந்தோசை. அரைக் கப் தோல் நீக்கிய பயற்றையும் கால் கப் அரிசியையும் நாலு மணித்தியாலம் ஊறவைத்து அரையுங்கள். ஒரு பிடி முருங்கையிலையை ஈர்க்கில்லாமல் உருவி, மிகப் பொடியாக அரிந்து சேருங்கள். கொஞ்சம் சீரகத்தூள் போடலாம். கல்லில் சில துளி நல்லெண்ணெய் விட்டு, சற்றுத் தடிப்பாக வார்த்து, மூடி, மெல்லிய நெருப்பில் வேகவையுங்கள். முறுகக் கூடாது. முறுகிய ஓரத்தை அரிந்து நீங்களே சாப்பிட்டுவிட்டு, நடுவை விரல் அகல நாடாக்களாக வெட்டிக் கொடுங்கள்.

நான்காவது, சோற்றுப் பிடி. எங்கள் அம்மம்மாமார் சோற்றையும் பருப்பையும் குழைத்துத் திரட்டிக் கையில் தந்த குழையலை யாரும் மறக்கவில்லை. அதையே உருண்டையாக இல்லாமல் விரல் வடிவில் பிடிக்கிறோம். குழைய வேகவைத்த சோறு இரண்டு பங்கு, மைசூர்ப் பருப்பு ஒரு பங்கு, அவித்த பூசணி கொஞ்சம், ஒரு மேசைக்கரண்டி கெட்டித் தேங்காய்ப்பால், மூன்று நாலு துளி தேசிக்காய்ப் புளி. கையால் நன்றாகப் பிசைந்து நீளமாகப் பிடித்துத் தட்டில் வையுங்கள். தேசிக்காய் ஏன் என்று பிறகு சொல்கிறோம்.

ஐந்தாவது, குரக்கன் அடை. இரண்டு மேசைக்கரண்டி குரக்கன் மா, மசித்த ஒரு கதலி வாழைப்பழம், ஒரு தேக்கரண்டி எள்ளுமா, தோசை மாப் பதத்துக்கு வேண்டிய தேங்காய்ப்பால். சின்னச் சின்னதாக வார்த்து மூடி வேகவையுங்கள். குரக்கனிலும் எள்ளிலும் கல்சியம் நிறைய இருக்கிறது. வாழைப்பழமே இனிப்புக்குப் போதும். குரக்கன் ரொட்டி இந்த வயதுக்குக் கடினம்.

ஆறாவது, கடலைக் கட்லட். கொண்டைக்கடலையையோ கௌபியையோ இரவு முழுக்க ஊறவைத்து, மாவாகும்வரை அவித்து, தோலை நீக்கி மசித்து, அவித்த உருளைக்கிழங்கோடும் மல்லித்தூளோடும் பிசையுங்கள். நீளமாக உருட்டி ஆவியில் வையுங்கள், அல்லது கல்லில் மெதுவாகப் புரட்டி எடுங்கள். பொரிக்க வேண்டாம்.

இந்த ஆறிலும் ஒரு பொருள்கூடத் தகரப் பேணியில் வருவதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது எங்கள் வீடுகளில் பிள்ளைகள் பயற்றிலும் உழுந்திலும் குரக்கனிலும் வளர்ந்தார்கள். 2022இல் பால்மாவுக்கு வரிசையில் நின்றபோது அந்தச் சாமான்களின் பெறுமதி திரும்பவும் தெரிந்தது. தட்டுப்பாடு வரும்போது மட்டும் நினைக்க வேண்டிய சாப்பாடு அல்ல இது.

ஆனால் மரக்கறிச் சாப்பாடு என்றால் சில கணக்குகளைச் சரியாகப் பார்க்க வேண்டும். இங்கே நாங்கள் மழுப்பப் போவதில்லை.

முதல் கணக்கு இரும்புச்சத்து. பிள்ளை பிறக்கும்போது தாயிடமிருந்து கொண்டுவந்த இருப்பு ஆறு மாதமளவில் முடிந்துவிடுகிறது. தாய்ப்பாலில் இரும்புச்சத்து குறைவு. ஏழு மாதத்திலிருந்து ஒரு வயது வரையுள்ள பிள்ளைக்கு நாளுக்கு 11 மில்லிகிராம் வேண்டும் என்று அமெரிக்காவிலும் கனடாவிலும் பரிந்துரைக்கிறார்கள். வளர்ந்த ஆணுக்கு அவர்கள் சொல்வது 8 மில்லிகிராம். மடியில் இருக்கும் பிள்ளைக்குத் தகப்பனிலும் பார்க்கக் கூட வேண்டும்! ஆகவே முதல் நாட்களிலிருந்தே தட்டில் பயறு, பருப்பு, கடலை, கௌபி, எள்ளு, கீரை இவற்றில் ஒன்று இருக்க வேண்டும். கிழங்கும் பழமும் மட்டும் போதாது. தாவரத்தில் உள்ள இரும்பு உடம்பில் குறைவாகவே சேரும். விற்றமின் சி கூட இருந்தால் கூடச் சேரும். அதற்குத்தான் அந்தத் தேசிக்காய்ப் புளி. பப்பாசி, கொய்யா, தக்காளியும் அந்த வேலையைச் செய்யும். தானியத்தையும் பயற்றையும் ஊறவைப்பதும் முளைக்கட்டுவதும் இரும்பைத் தடுக்கும் பொருளைக் குறைக்கும். தேயிலைச் சாயம் இரும்பைத் தடுக்கும். பிள்ளைக்குப் பிளேன்டீ தொட்டும் காட்ட வேண்டாம்.

இரண்டாவது கணக்கு வயிற்றின் அளவு. ஏழு கிலோப் பிள்ளையின் வயிறு ஒரு நேரத்தில் ஏறத்தாழ 200 மில்லிலீற்றர்தான் கொள்ளும். நாரும் நீரும் நிறைந்த மரக்கறியால் அதை நிரப்பினால் சக்தி போதாது. ஆகவேதான் தேங்காய்ப்பால், நல்லெண்ணெய், எள்ளு, ஆனைக்கொய்யா. ஆறு முதல் எட்டு மாதம் வரை நாளுக்கு 2 அல்லது 3 நேரமும், ஒன்பது மாதத்திலிருந்து 3 அல்லது 4 நேரமும் சாப்பாடு வேண்டும்.

மூன்றாவது கணக்கு விற்றமின் பி12. எந்தக் கீரையிலும் எந்தக் கிழங்கிலும் அதை நம்பியிருக்க முடியாது. பாலும் தயிரும் சாப்பிடும் சைவ வீட்டில் ஓரளவு கிடைக்கும். பால், முட்டை எதுவுமே தொடாத தாய் பால் கொடுத்தால் தாயும் பிள்ளையும் குறைந்துபோவார்கள். பிள்ளையின் மூளை வளர்ச்சியையே அது பாதிக்கும். அப்படியான வீட்டில் இருவருக்கும் பி12 மருந்தாகவே வேண்டும். வைத்தியரிடம் வெளிப்படையாகச் சொல்லிப் பெறுங்கள். மீன், முட்டை, இறைச்சி சேர்க்கும் வீடுகளில் அவற்றையும் பிள்ளைக்குக் கொடுப்பதையே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. சேர்க்காத வீடுகளில் கிளினிக்கில் தரும் நுண்போசணைத் தூளைச் சொன்னபடி பயன்படுத்துங்கள். நிறைக் கோட்டைக் கிழமைக்குக் கிழமை பார்க்கத் தேவையில்லை. மாதத்துக்கு ஒரு தரம் போடுங்கள். கோடு மட்டமாகப் போனாலும் கீழே இறங்கினாலும் காத்திருக்காமல் காட்டுங்கள்.

கொடுக்கக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறோம். முழு நிலக்கடலை, கஜு, முழுத் திராட்சை, பச்சைக் கரட், பச்சை அப்பிள், சோளப்பொரி, முறுக்கு, மிக்சர், தேங்காய்ச் சொட்டு, வட்டமாக வெட்டிய எதுவும் வேண்டாம். திராட்சையையும் சின்னத் தக்காளியையும் நீளவாக்கில் நாலாகப் பிளந்து கொடுக்கலாம். பனங்கிழங்கு நார்; பெரியவர்களுக்கே வைத்துக்கொள்வோம். தேனை ஒரு வயது வரை நாக்கில் தொட்டும் வைக்க வேண்டாம். அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து சின்னப் பிள்ளையின் குடலில் நஞ்சை உண்டாக்கிக் கை கால்களைத் துவளச் செய்துவிடும். பனங்கட்டி எங்கள் மண்ணின் பொருள்தான், ஆனாலும் சீனி சீனிதான்.

நிலக்கடலையை முழுதாகக் கொடுக்கக் கூடாது என்றோம். அதன் சுவையே காட்டக் கூடாது என்பதல்ல. லண்டனில் நடந்து 2015இல் வெளியான ஆய்வொன்று, ஒவ்வாமை வரக்கூடிய பிள்ளைகளுக்குக்கூட முதல் வயதுக்குள்ளேயே நிலக்கடலையைத் தகுந்த வடிவில் கொடுத்துவந்தால் அந்த ஒவ்வாமை பெருமளவு குறைகிறது என்று காட்டியது. வறுத்து மாவாக அரைத்த நிலக்கடலையைக் கால் தேக்கரண்டி அளவில் வாழைப்பழத்தில் மசித்துத் தொடங்கலாம். காலைநேரத்தில், பிள்ளை சுகமாக இருக்கும் நாளில், வேறு புதிய சாப்பாடு சேர்க்காமல் கொடுங்கள். எள்ளுக்கும் அப்படியே. கடும் கரப்பன் உள்ள பிள்ளைக்கு வைத்தியரைக் கேட்ட பிறகே.

கடல் கடந்து வாழும் பிள்ளைகளுக்கு இரண்டு சொல். கடையில் உறிஞ்சிக் குடிக்கும் பையில் வரும் பழக்கூழ் வழிப்பயணத்துக்கு உதவும். அதையே தினச் சாப்பாடாக்கினால் பிள்ளை உறிஞ்சத்தான் பழகும், மெல்லப் பழகாது. முருங்கையிலை கிடைக்காத ஊரில் ஸ்பினாச், பயறு கிடைக்காவிட்டால் சிவப்புப் பருப்பு, கூடவே டோஃபு. தோசையையும் அடையையும் ஞாயிற்றுக்கிழமை வார்த்துப் பிறீசரில் வைத்தால் வேலைநாட்களில் சூடாக்கிக் கொடுக்கலாம். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு விற்றமின் டி துளி கொடுக்கும்படி பிரித்தானியாவிலும் கனடாவிலும் சொல்வார்கள். வெயில் குறைந்த நாட்டில் அதை விட வேண்டாம். இங்கே ஊரில் இருப்பவர்களுக்கு வேறு கவனம்: எங்கள் வெக்கையில் அவித்த சாப்பாட்டை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. பிள்ளை கைவைத்த மிச்சத்தை அடுத்த நேரத்துக்கு எடுத்து வைக்கவும் கூடாது. செய்பவர் கையும் சாப்பிடும் பிள்ளையின் கையும் சோப்புப் போட்டுக் கழுவியதாக இருக்க வேண்டும்.

கடைசியாக, எங்கள் வயதுக்காரருக்கு. "இன்னும் ஒரு வாய், ஒரே ஒரு வாய்" என்று நிலாவைக் காட்டியும், இப்போது கைத்தொலைபேசியில் பாட்டைக் காட்டியும் தீத்துகிறோம். அன்பில்தான் செய்கிறோம். ஆனால் பிள்ளை வாயை மூடுவதும் முகத்தைத் திருப்புவதும் தட்டைத் தள்ளுவதும் அதன் பேச்சு. பேசத் தெரியாத வயதில் அது சொல்லும் "போதும்" என்ற சொல்லை நாங்கள் கேட்டால், பிற்காலத்தில் தன் வயிற்றின் சொல்லை அதுவும் கேட்கும். எதைக் கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பது எங்கள் பொறுப்பு. எவ்வளவு சாப்பிடுவது என்பதைப் பிள்ளை தீர்மானிக்கட்டும். தொடக்கத்தில் இரண்டு மூன்று தேக்கரண்டிதான் உள்ளே போகும். மிச்சம் நிலத்திலும் தலையிலும் இருக்கும். பழைய சீலை ஒன்றைக் கீழே விரித்துவிட்டால் வேலை முடிந்தது. புதிய சுவையைத் துப்பினால் கோபிக்காமல் இரண்டு நாள் விட்டுத் திரும்ப வையுங்கள். பத்துத் தரம் வைத்த பிறகு விரும்பிச் சாப்பிடும் பிள்ளைகள் உண்டு.

அம்மம்மாமாரே, மகள் கரட் துண்டை வைக்கும்போது, வெட்டிய அளவையும் அவித்த பதத்தையும் கேளுங்கள். சரியென்றால் பயப்படாமல் பார்த்துக்கொண்டிருங்கள். பிள்ளைகளே, அம்மா குழையலைத் தீத்தும்போது தடுக்க வேண்டாம். அதில் பருப்பும் கீரையும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டும் ஒரே தட்டில் இருக்கலாம். தகப்பன்மாரும் தட்டைத் தூக்கட்டும். இந்தச் சோற்றுப் பிடியைப் பிடிக்க மனையியல் சான்றிதழ் தேவையில்லை.

பக்கத்து மண்டபத்தில் ஆறு பண்டங்களையும் செய்து வைத்திருக்கிறோம். அமத்திப் பார்த்துப் பதத்தைப் பழகிக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளைகளோடு வந்தவர்கள் அவர்களையும் கூட்டி வாருங்கள். விரிக்கப் பழைய சீலைகளும் இருக்கின்றன.